'கோஆபரேட் பண்ண மாட்டேங்கிறான்': ஆட்டிசம் உள்ளவர்களின் பல் வலிக்கு யார் பொறுப்பு?

ஏழு வயதுப் பையன். பேச்சு இன்னும் வரவில்லை. மூன்று வாரமாக வலது கன்னத்தில் தானே அடித்துக்கொள்கிறான். இட்லியைக்கூடத் தொட மாட்டேன் என்கிறான். ராத்திரி தூக்கம் இல்லை. தெரபி சென்டரில் கேட்டால் "பிஹேவியர் அதிகமாயிடுச்சு" என்கிறார்கள். ஒருநாள் அவன் கொட்டாவி விடும்போது அம்மா தற்செயலாகப் பார்க்கிறார். கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு பள்ளம்.

பல் கிளினிக்குக்கு ஓடுகிறார்கள். ஒரு மணி நேரம் வெயிட்டிங். உள்ளே போனதும் சேர் பின்னால் சாய்கிறது, லைட் கண்ணில் அடிக்கிறது, பக்கத்து அறையில் மெஷின் சத்தம். பையன் கத்துகிறான், உதைக்கிறான். "அம்மா, கையைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்கிறார் உதவியாளர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றிவிடுகிறார். "கோஆபரேட் பண்ண மாட்டேங்கிறான்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மயக்க மருந்து கொடுத்துத்தான் பண்ணணும்."

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் விசாரித்துப் பாருங்கள். இதில் ஏதோ ஒரு பகுதி அவர்களுக்கும் பழக்கமானதாகவே இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது 'கோஆபரேட்' என்கிற அந்த ஒரு வார்த்தை. ஒத்துழைக்கவில்லை என்று எழுதியவுடன் பொறுப்பு மொத்தமும் குழந்தையின் தலையில் விழுந்துவிடுகிறது. கிளினிக் அவனோடு ஒத்துழைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பல் சிகிச்சை பற்றிப் பேச வேண்டுமென்றால், அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பல் நாற்காலியில் என்னதான் நடக்கிறது?

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல; மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் ஒரு வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. சிலர் நன்றாகப் பேசுவார்கள், வேலைக்குப் போவார்கள். சிலருக்குப் பேச்சே இருக்காது. ஆனால் பலருக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் ஆகியவற்றை அவர்களின் மூளை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது. நமக்குச் சாதாரணமாகத் தெரிவது அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம்.

இப்போது பல் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையின் வாய்க்குள் ட்ரில்லிங் மெஷின் போகிறது. டியூப் லைட்டையே பார்க்க முடியாதவனின் முகத்துக்கு நேராகப் பெரிய விளக்கு. கையுறை வாசனை, மருந்து வாசனை, புதினா பேஸ்ட் வாசனை. உடம்பிலேயே கூச்சம் அதிகமான இடங்களில் ஒன்று வாய். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் விரலை விடுகிறார். முகத்தில் மாஸ்க் வேறு, அதனால் அவர் சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்றும் தெரியாது. போதாக்குறைக்கு சேர் திடீரென்று பின்னால் சாய்கிறது. அடுத்து என்ன நடக்கும், எப்போது முடியும் என்று எதுவும் தெரியாது.

இந்த நிலையில் கத்துவதும் தள்ளிவிடுவதும் அடம் இல்லை. ஆபத்து வந்துவிட்டது என்று நினைக்கும் உடம்பு தப்பிக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

வாயால் சொல்லாத வலி

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலி குறைவாகத்தான் தெரியும் என்று ஒரு நம்பிக்கை நெடுநாள் இருந்தது. அது தவறு. வலி இருக்கிறது. அதைச் சொல்லும் விதம்தான் வேறு. 'எங்கே வலிக்குது?' என்பது நமக்கு எளிய கேள்வி. உடம்புக்குள் நடப்பதை உணர்ந்து, அதற்கு ஒரு இடமும் பெயரும் கொடுத்து, வார்த்தையாக்கிச் சொல்வது பல ஆட்டிசம் குழந்தைகளுக்கு மலை ஏறுவது மாதிரி. நன்றாகப் பேசக்கூடிய பெரியவர்களுக்கே இது கஷ்டம்.

அதனால் பல் வலி வேறு வேஷத்தில் வருகிறது. கன்னத்திலோ தாடையிலோ அடித்துக்கொள்வது, தலையைச் சுவரில் முட்டுவது, திடீரென்று ஒரு பக்கமாக மட்டும் மெல்லுவது, பிடித்த உணவையே ஒதுக்குவது, சட்டைக் காலரையோ பென்சிலையோ விடாமல் கடிப்பது, எச்சில் அதிகமாக வழிவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாத கோபம். இவை எல்லாமே ஆட்டிசத்தின் 'வழக்கமான' அறிகுறிகள் என்று ஒதுக்கப்படக்கூடியவை. ஆபத்தே அங்கேதான். பல்லில் சீழ் கோத்திருக்கும் குழந்தைக்கு பிஹேவியர் தெரபி நேரத்தைக் கூட்டுவார்கள். சில சமயம் கோபத்தைக் குறைக்கும் மாத்திரையின் அளவைக்கூடக் கூட்டிவிடுவார்கள். வலி அப்படியே இருக்கும்.

எனவே ஒரு எளிய விதி: ஆட்டிசம் உள்ள ஒருவரின் நடத்தையில் திடீர் மாற்றம் வந்தால், முதலில் உடம்பைப் பாருங்கள். காது, வயிறு, பல். மூன்றையும் பார்த்த பிறகுதான் 'பிஹேவியர்' என்கிற முடிவுக்கு வர வேண்டும்.

சொத்தை ஏன் வருகிறது?

ஆட்டிசம் நேரடியாகப் பற்களைக் கெடுப்பதில்லை. அதைச் சுற்றியிருக்கும் வாழ்க்கைதான் கெடுக்கிறது.

முதலாவது, சாப்பாடு. பல குழந்தைகள் குறிப்பிட்ட சில உணவுகளை மட்டுமே சாப்பிடுவார்கள். அது பிஸ்கட், சிப்ஸ், பால் என்று மாவும் சர்க்கரையுமாக இருந்துவிட்டால் பல்லுக்கு நல்லதில்லை. சிலர் உணவை விழுங்காமல் கன்னத்திலேயே ரொம்ப நேரம் அடக்கி வைத்திருப்பார்கள். இரண்டாவது, பரிசு. தெரபியில் ஒவ்வொரு முறை சொன்னதைச் செய்தாலும் ஒரு சாக்லேட் துண்டு, ஒரு ஜெம்ஸ். ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது, மருந்து. வலிப்பு, தூக்கம், பதற்றம் போன்றவற்றுக்குத் தரும் சில சிரப்களில் சர்க்கரை இருக்கும். சில மாத்திரைகள் வாயை உலர வைக்கும். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் ஈறுகளை வீங்கி வளரச் செய்யக்கூடியது. நான்காவது, பல் தேய்ப்பது. பிரஷ் முடியின் உரசலும் பேஸ்ட்டின் காரமும் தாங்க முடியாத குழந்தைக்குத் தினமும் இரண்டு முறை பல் தேய்த்துவிடுவது, பெற்றோருக்கு தினமும் இரண்டு முறை நடக்கும் சண்டை. ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சண்டையை விட்டுக்கொடுத்துவிடும் அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது.

மருந்துகளைத் தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை இல்லாத மாற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கலாம். சிரப் கொடுத்ததும் தண்ணீர் குடிக்க வைக்கலாம். சாக்லேட்டுக்குப் பதில் ஸ்டிக்கர், சோப்புக் குமிழ், ஊஞ்சல் என்று பரிசை மாற்றச் சொல்லி தெரபிஸ்டிடம் பேசலாம்.

'பிடிச்சுக்கோங்க' முதல் 'மயக்க மருந்து' வரை

இன்றைக்குப் பல இடங்களில் நடைமுறையில் இரண்டே வழிகள்தான் தெரிகின்றன. ஒன்று, நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு வேலையை முடிப்பது. இரண்டு, பொது மயக்க மருந்து.

பிடித்துக்கொண்டு செய்வது அந்த ஒரு பல்லைக் காப்பாற்றலாம். அடுத்த இருபது வருடப் பல் சிகிச்சையைக் கெடுத்துவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கும் நினைவாற்றல் கூர்மையானது. அந்த வாசனை, அந்தப் படிக்கட்டு, அந்த வெள்ளைக் கோட்டு எல்லாம் பதிந்துபோகும். அடுத்த முறை கிளினிக் இருக்கும் தெருவுக்கே வர மாட்டார்கள். இன்னொரு கணக்கும் உண்டு. ஏழு வயதில் பிடித்து வைக்கலாம். பதினேழு வயதில்?

மயக்க மருந்து தவறானதல்ல. வாய் முழுக்கச் சொத்தை, சீழ், தாங்க முடியாத வலி என்றால் அதுதான் சரியான வழி. ஒரே அமர்வில் எல்லாப் பற்களையும் சரிசெய்துவிடலாம். ஆனால் அதற்கு மயக்கவியல் நிபுணர் வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், முன்கூட்டியே ரத்தப் பரிசோதனைகள் வேண்டும், வெறும் வயிற்றில் காத்திருக்க வேண்டும். தனியாரில் செலவு, அரசு மருத்துவமனையில் வரிசை. அதைவிட முக்கியமானது, மயக்கத்தில் இருக்கும் குழந்தை பல் டாக்டரிடம் பழகக் கற்றுக்கொள்வதில்லை. உணவும் பிரஷ்ஷும் மாறாவிட்டால் இரண்டு வருடத்தில் மறுபடி அதே தியேட்டர்.

கடைசி வழியாக இருக்க வேண்டியது முதல் வழியாகிவிட்டதுதான் பிரச்சினை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய படிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பெரிய செலவும் கிடையாது.

நடுவில் இருக்கும் படிகள்

பல் மருத்துவத்தில் 'சொல், காட்டு, செய்' என்றொரு முறை உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவர் அடெல்ஸ்டன் 1959-ல் முன்வைத்தது. கண்ணாடியைக் காட்டி இது என்ன என்று சொல்வது, அதைக் குழந்தையின் விரல் நகத்தில் வைத்துக் காட்டுவது, அதன் பிறகே வாயில் வைப்பது. நம் ஊர் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இது பாடம்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இதையே இன்னும் சின்னச் சின்னப் படிகளாக, படங்களோடு, பல நாட்களில் செய்ய வேண்டியிருக்கும். முதல் நாள் கிளினிக் வாசல்வரை. அடுத்த வாரம் சேரில் உட்கார்ந்து எழுந்திருப்பது. மூன்றாவது முறை வாயைத் திறந்து பத்து எண்ணும்வரை கண்ணாடி. பத்து என்று சொன்னால் பத்தில் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்' என்று இழுத்தால் அன்றோடு நம்பிக்கை போய்விடும்.

அறையை மாற்றுவது இன்னொரு படி. லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்த ஒரு ஆய்வு 2023-ல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' மருத்துவ இதழில் வெளியானது. 6 முதல் 12 வயது வரையிலான, ஆட்டிசம் உள்ள 160-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். ஒரே குழந்தைக்கு ஒருமுறை வழக்கமான அறையில் பல் சுத்தம் செய்தார்கள், இன்னொரு முறை மாற்றியமைத்த அறையில். பெரிதாக என்ன மாற்றினார்கள்? மேலே இருக்கும் விளக்குகளை அணைத்தார்கள். கூரையில் மெதுவாக நகரும் ஒளிப்படங்கள், மெல்லிய இசை. பட்டாம்பூச்சி வடிவத்தில் உடம்பை இறுக்கமாக அணைத்துக்கொள்ளும் ஒரு உறை. தோலில் பொருத்திய கருவி காட்டிய பதற்றமும், வீடியோவில் தெரிந்த எதிர்ப்பும் மாற்றியமைத்த அறையில் குறைந்தன. குழந்தைகள் அதே குழந்தைகள்தான். மாறியது அறை.

ஒவ்வொரு கிளினிக்கிலும் புரொஜெக்டர் வாங்க வேண்டியதில்லை. விளக்கைக் குறைப்பது, குழந்தைக்கு கூலிங் கிளாஸ் கொடுப்பது, ஹெட்ஃபோனை அனுமதிப்பது, உட்காரும் முன்பே சேரைச் சாய்த்து வைத்துவிடுவது, பக்கத்து அறை மெஷினை அரை மணி நேரம் நிறுத்துவது. இதற்கெல்லாம் பட்ஜெட் தேவையில்லை.

சிகிச்சையிலும் ட்ரில்லிங் இல்லாத வழிகள் உண்டு. சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்பது சொத்தையில் தடவும் ஒரு திரவம். ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது. ஊசி, மெஷின் எதுவும் இல்லாமல் சொத்தை பரவுவதை நிறுத்த உதவும். சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பது குறை. கடைவாய்ப் பாற்பல்லில் அது பெரிய விஷயமில்லை. அதேபோல ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் நார்னா ஹால் பெயரில் ஒரு முறை இருக்கிறது. சொத்தையைக் குடையாமல், மரத்துப்போக ஊசியும் போடாமல், பாற்பல்லின் மேலேயே ஸ்டீல் கேப்பை ஒட்டிவிடுவது. எல்லாப் பல்லுக்கும் இவை பொருந்தாது. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் பயன்படாது. ஆனால் 'மயக்க மருந்துதான் வழி' என்று கேட்கும் பெற்றோர், 'டாக்டர், இதுல ஏதாவது ஒண்ணு முயற்சி பண்ணலாமா?' என்று கேட்பதில் தவறே இல்லை.

பேச்சிலும் கவனம் வேண்டும். ஆட்டிசம் உள்ள பலர் சொல்லை அப்படியே நேரடிப் பொருளில் எடுத்துக்கொள்வார்கள். 'பல்லுல பூச்சி இருக்கு, எடுத்துடலாம்' என்பது நமக்குச் செல்லப் பேச்சு. அந்தக் குழந்தைக்கு, வாய்க்குள் நிஜமாகவே ஒரு பூச்சி ஊர்கிறது. 'எறும்பு கடிக்கிற மாதிரிதான்' என்றால் எறும்பைத் தேடுவான். 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லிவிட்டு வலித்தால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். 'சேட்டை பண்ணா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்' என்கிற வீட்டு மிரட்டலை இன்றோடு நிறுத்திவிடலாம். எந்தக் குழந்தைக்குமே அது வேண்டாம்.

டாக்டர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும்

எல்லாப் பழியையும் பல் மருத்துவர் மேல் போடுவது நியாயமில்லை. சின்ன ஊரில் கடன் வாங்கி ஒரு சேர் போட்டு கிளினிக் நடத்தும் இளம் டாக்டருக்கு, ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது வருமான இழப்பு. கையில் கூர்மையான கருவி இருக்கும்போது குழந்தை திடீரெனத் திரும்பினால் உதடோ நாக்கோ கிழியலாம். அந்தப் பயம் உண்மையானது. 'சும்மா உட்கார வெச்சு அனுப்பினதுக்கு ஃபீஸா?' என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். பழக்கப்படுத்தும் அமர்வும் சிகிச்சைதான், அதற்கும் கட்டணம் உண்டு என்பதை நாமும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

படிப்பிலும் இடைவெளி இருக்கிறது. பி.டி.எஸ். பாடத்திட்டத்தில் குழந்தைகள் பல் மருத்துவத்தின் கீழ் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் பற்றிய பகுதி இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் படிப்பதும், அப்படியொரு குழந்தையின் எதிரே உட்கார்ந்து பழகுவதும் ஒன்றல்ல. பிரிட்டனில் சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கான பல் மருத்துவம் 2008 முதல் தனிச் சிறப்புப் பிரிவாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2018-ல் தன் நெறிமுறைகளைத் திருத்தி, மாற்றுத்திறன் ஒன்றையே காரணமாக வைத்து நோயாளியை மறுக்கக் கூடாது என்று சேர்த்தது. இந்தியாவில் எம்.டி.எஸ். சிறப்புப் பிரிவுகளின் பட்டியலில் இப்படியொரு தனிப் பிரிவு இல்லை. 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பாடத்திட்டத்தைத் திருத்தி எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

நிறைய பேருக்குத் தெரியாத பகுதி இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அங்கீகரிக்கும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 25-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்காக அரசு உறுதிசெய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. அரசு மட்டுமல்ல, தனியார் மருத்துவமனைகளிலும் தடையற்ற அணுகல். மருத்துவரைப் பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை.

தடையற்ற அணுகல் என்றதும் நமக்கு வீல்சேர் ஏறும் சாய்தளம்தான் ஞாபகம் வருகிறது. அது தேவைதான். ஆனால் ஆட்டிசம் உள்ளவருக்குத் தடையாக இருப்பது படிக்கட்டு இல்லை. கூட்டமான வெயிட்டிங் ஹால், கண் கூசும் விளக்கு, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத இரண்டு மணி நேரம். டோக்கன் வரிசையில் முன்னால் விடச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பதல்ல, சட்டம் கொடுத்த உரிமை. 'நியாயமான வசதி' என்கிற கருத்தும் அதே சட்டத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் செய்து தரக்கூடிய மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பதே அதன் சாரம். விளக்கைக் குறைப்பது அளவுக்கு மீறிய சுமை என்று யாரும் சொல்ல முடியாது.

செலவுக்கும் ஒரு வழி உண்டு. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் 'நிராமயா' காப்பீட்டுத் திட்டம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது. புறநோயாளி சிகிச்சையும், தடுப்பு நோக்கிலான பல் சிகிச்சையும் அதில் அடக்கம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வைத்திருந்தும் இதில் சேராத குடும்பங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

18 வயதுக்கு அப்புறம்?

ஆட்டிசம் என்றாலே குழந்தை முகம்தான் நம் மனதில் வருகிறது. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள். குழந்தைகள் பல் மருத்துவர் பொறுமையாகப் பார்த்துவந்த பையனுக்கு ஒருநாள் மீசை முளைத்துவிடும். அதற்குப் பிறகு அவனை யார் பார்ப்பது? பொதுப் பல் மருத்துவர் தயங்குவார், குழந்தைகள் மருத்துவர் 'எங்க வயசு தாண்டிடுச்சு' என்பார். ஞானப்பல் முளைப்பதும் ஈறு நோய் தொடங்குவதும் அதற்குப் பின்னால்தான்.

வேலைக்குப் போகும், நன்றாகப் பேசும் ஆட்டிசம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆபீஸிலேயே ஒருவர் இருக்கலாம். வெளியே தெரியாது. 'பெரிய ஆள் ஆயிட்டு க்ளீனிங்குக்குப் பயப்படுறீங்களா?' என்று ஒரு டாக்டர் சிரித்துவிட்டால் அவர் பத்து வருடம் அந்தப் பக்கமே போக மாட்டார். அவர்களிடம் செய்ய வேண்டியது ஒன்றுதான். என்ன கஷ்டம் என்று அவர்களையே கேட்டு, கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவது என்று முன்கூட்டியே ஒரு சைகையைப் பேசிவைத்துக்கொள்வது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் பல் முளைத்ததிலிருந்து, ஒரு வயதுக்குள் பல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லது. ஆட்டிசம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்த வீட்டில் இது இன்னும் முக்கியம். வலி வருவதற்கு முன்னால் போகும் முதல் விசிட்தான் பயமில்லாத விசிட்.

பல் தேய்ப்பதை ஒரே நாளில் சாதிக்க வேண்டாம். முதலில் பிரஷ் உதட்டைத் தொடட்டும். பிறகு முன்பல். பிறகு ஐந்து எண்ணும்வரை. கண்ணாடி முன்னால், குழந்தைக்குப் பின்னால் நின்று தேய்த்துவிட்டால் எதிரே வரும் கை பயமுறுத்தாது. புதினா காரம் பிடிக்கவில்லையென்றால் சுவையில்லாத, நுரை வராத ஃப்ளூரைடு பேஸ்ட் கிடைக்கிறது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். பாத்ரூமில்தான் தேய்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சோபாவில், டிவி முன்னால் தேய்த்தாலும் பல் சுத்தமாகும்.

கிளினிக் போகும் முன் ஒரு பக்கக் குறிப்பை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எப்படிப் பேசுவான், எந்தச் சத்தம் ஆகாது, எதைத் தொட்டால் பிடிக்காது, எது கையில் இருந்தால் அமைதியாவான், என்ன மருந்து சாப்பிடுகிறான், வலிப்பு உண்டா. கிளினிக்கின் வாசல், சேர், டாக்டர் முகம் ஆகியவற்றைப் படமெடுத்து வீட்டிலேயே வரிசையாகக் காட்டுங்கள். காலையில் முதல் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். முறை வரும்வரை வெளியே காற்றாட நின்றுகொண்டு, போன் வந்ததும் உள்ளே போங்கள்.

அரசு எங்கிருந்து தொடங்கலாம்?

இதற்காகப் புதிதாக ஒரு கட்டடம் கட்ட வேண்டியதில்லை. 2013-ல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.வின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. ஆட்டிசம், பல் பிரச்சினை இரண்டுமே அத்திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இருக்கின்றன. வழிகாட்டுதலின்படி அந்த மையத்தின் குழுவில் உளவியலாளரும் சிறப்புக் கல்வியாளரும் இருக்க வேண்டும். பல் மருத்துவரும் இருக்க வேண்டும். அதாவது குழந்தையைத் தெரிந்தவரும் பல்லைத் தெரிந்தவரும் ஒரே கூரைக்கு அடியில். தெரபிக்கு வரும் நாளிலேயே, பழகிய தெரபிஸ்ட் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைப் பல் சேரில் ஐந்து நிமிடம் உட்கார வைப்பதற்குத் தேவை ஒரு உத்தரவு மட்டும்தான்.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் வாரத்தில் ஒரு காலை நேரத்தைக் கூட்டமில்லாத, சத்தமில்லாத நேரமாக ஒதுக்கலாம். பயிற்சி மருத்துவர்களை ஒரு வாரம் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாம், சிகிச்சை செய்ய இல்லை, குழந்தைகளோடு பழக. நிராமயாவும் முதலமைச்சர் காப்பீடும் பழக்கப்படுத்தும் அமர்வுகளுக்கும் பணம் தரும்படி செய்யலாம். மயக்க மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் இது மிச்சமே தவிர நஷ்டம் இல்லை.

தனியார் கிளினிக்குகளுக்கு ஒரு கோரிக்கை. கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவதை நிறுத்துங்கள். அதற்குப் பதில் 'இன்று வாசல்வரை வந்தான்', 'இன்று சேரில் ஒரு நிமிடம் உட்கார்ந்தான்' என்று எழுதுங்கள். அடுத்த முறை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அந்த வரி சொல்லும். முந்தைய வரி கதவை மூட மட்டும்தான் பயன்பட்டது.

அந்த ஏழு வயதுப் பையன் மூன்று வாரமாகக் கன்னத்தில் அடித்துக்கொண்டதும் ஒரு பேச்சுதான். அவனால் முடிந்த மொழியில் வலிக்கிறது என்று சொல்லிவிட்டான். மீதி வேலை பெரியவர்களுடையது.